கரும்பு லோடுக்கு அடியில் திறந்த லேப்டாப்

கரண்டு எத்தனை மணிக்கு வரும், எத்தனை மணிக்குப் போகும் என்று சுவரில் எழுதி ஒட்டிவைத்துக்கொண்டு பிழைப்பு நடத்திய வருடங்கள் அவை. விழுப்புரத்தில் எனக்கு வீடு. திண்டிவனத்தில் ஒரு அச்சகத்தில் டிடிபி வேலை, கம்ப்யூட்டரில் பக்கம் அடித்து அமைத்துக் கொடுப்பது. முப்பது வயதைத் தாண்டி ஒன்றிரண்டு வருடம் ஆகியிருந்தது. மாசி மாதம், கல்யாணப் பத்திரிகைகள் வந்து குவிகிற சமயம். அப்போதுதான் இது நடந்தது.

என்னிடம் அப்போது இருந்த லேப்டாப்பைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். சென்னையில் பழைய கம்ப்யூட்டர்களைக் குவித்துவைத்து விற்கிற ஒரு சந்தில் அதை ஒருவர் என் தலையில் கட்டினார். ஏதோ வெளிநாட்டு அலுவலகத்தில் உழைத்து ஓய்ந்து, கப்பலேறி வந்தது. கீபோர்டில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். நான் அடிப்பது தமிழ் என்பதால் அதை நான் கண்டுகொள்ளவில்லை.

அதன் திரைதான் அதிசயம். மற்ற லேப்டாப்புகளுக்கு இரண்டு ஓரத்திலும் கீல் இருக்கும். இதற்கு நடுவில் ஒரே ஒரு கால். அந்தக் காலின் மேல் திரை, யாரோ கூப்பிட்டது போலக் கழுத்தைத் திருப்பும். முழுதாகத் திருப்பி மடித்தால் கீபோர்டின் மேலேயே மல்லாந்து படுத்துக்கொள்ளும். சிலேட்டு மாதிரி. பக்கவாட்டில் ஒரு பொந்து, அதற்குள் ஒரு பேனா. அதைக் கொண்டு திரையில் எழுதலாம். பேனாவின் பின்பக்கத்தால் தேய்த்தால் எழுதியது அழியும். ஒரு பொத்தானை அமுக்கினால் திரையில் இருப்பது அப்படியே தலைகீழாகி, எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு நேராக நிற்கும். இன்றைக்கு இதையெல்லாம் சொன்னால் என் பையன் கொட்டாவி விடுகிறான். அன்றைக்கு திண்டிவனம் டீக்கடையில் நான் அதை மடித்துப் படுக்கவைத்தால், டீ ஆற்றுகிற கை பாதியில் நிற்கும்.

எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது வேறு ஒன்று. அதோடு வந்த நோட்டு மென்பொருள், நாம் எழுதியதை மட்டும் வைத்துக்கொள்ளாது, எழுதிய விதத்தையும் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஓர் அம்புக்குறியைத் தொட்டால், கை இல்லாமலே எழுத்துகள் மறுபடி ஒவ்வொன்றாக எழுந்து வரும். நாம் தயங்கிய இடத்தில் தயங்கும். அழித்த இடத்தில் அழிக்கும். ரயிலில் போகும்போது ஜன்னலுக்கு வெளியே ஓடுவதைப் பார்த்து நான்கு வரி கிறுக்கிவிட்டு, பிறகு அதை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன். நான் யோசித்த நேரம் முழுக்க வெறும் வெள்ளையாக ஓடும். என்னுடைய யோசனையை எனக்கு வெளியே வைத்துப் பார்த்தது அதில்தான்.

குறைகளும் கொஞ்சமில்லை. முண்டியம்பாக்கத்தில் பொத்தானை அமுக்கினால் விக்கிரவாண்டி தாண்டித்தான் கண் விழிக்கும். பேட்டரி முப்பது என்று காட்டும், அடுத்த மூச்சில் நான்கு என்று காட்டும், அதற்கடுத்த மூச்சு இருக்காது. மடியில் வைத்தால் புடவையைத் தாண்டிச் சுடும். அதன் உள்விசிறி போடும் இரைச்சலைக் கேட்டுப் பக்கத்து சீட்டு அம்மா ஒருவர், "இன்னாம்மா, மாவு மில்ல மடியில வெச்சிக்கினு வர்றியா?" என்று கேட்டார். பெட்டியே சிரித்தது. நானும்தான்.

எல்லாவற்றிலும் மோசமான குறை, கோடு சரிவது. சூடேற ஆரம்பித்தால், பேனா தொட்ட இடத்தில் கோடு விழாது. அரை வரி தள்ளி, என் பக்கமாகக் கீழே விழும். அதற்கும் நான் பழகிவிட்டேன். இரண்டு வரிகளுக்கு நடுவில் கோடு விழுந்திருந்தால், மேல் வரியைத்தான் தொட்டிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வேன். காது கொஞ்சம் மந்தமான உறவுக்காரரிடம் குரலை உயர்த்திப் பேசுவது போல, அதுவும் யோசிக்காமலே வரும்.

எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை என்பது அழைப்பு மட்டுமல்ல. யார் யாருக்கு என்ன உறவு, இன்றைய தேதிக்கு யார் யாரோடு பேசிக்கொள்கிறார்கள் என்பதெல்லாம் அச்சில் ஏறுகிற இடம். அதனால் ப்ரூஃப் பார்க்க ஒரு வீட்டிலிருந்து பன்னிரண்டு பேர் கிளம்பி வருவார்கள். அச்சகத்தில் அத்தனை பேருக்கு நிற்கவே இடம் கிடையாது. என் முதலாளி பேசாமல் என்னையும் லேப்டாப்பையும் வீடுகளுக்கு அனுப்ப ஆரம்பித்தார். சிலேட்டு போல மடித்து நடுவில் வைப்பேன். சுற்றி உட்காருவார்கள். வேண்டாத பெயரின் மேல் பேனாவால் ஒரு கோடு. சேர்க்க வேண்டியதை ஓரத்தில் எழுதுவார்கள். நான் அச்சகத்துக்கு வந்து திருத்திக்கொள்வேன்.

அப்படித்தான் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டயர் கடை வைத்திருந்த ஒருவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய மகளுக்குக் கல்யாணம். முதல் நாள் போனபோது அவர் கடையில் இருந்தார். வீட்டில் கல்யாணப் பெண்ணும் அவளுடைய அம்மாவும்தான். யார் யார் பெயர் போட வேண்டும் என்று கேட்டு, பேனாவை அம்மாவிடம் நீட்டினேன்.

அவர் கையை முந்தானையில் இரண்டு முறை துடைத்துக்கொண்டார். "நான் பேனா புடிச்சே எத்தினியோ வருசம் ஆச்சிம்மா. எழுத வருமா?"

"எழுதிப் பாருங்கம்மா. தப்பா போனா இந்தப் பக்கத்தால அழிச்சிக்கலாம்."

பேனாவைத் திரைக்கு மேலேயே வெகுநேரம் பிடித்திருந்தார். பிறகு எழுதினார். எல்லோரும் எழுதுவது போல மறைந்த பெரியவர்கள் பெயரில் ஆரம்பிக்கவில்லை. 'அண்ணன்' என்று போட்டு ஒரு பெயர், ஓர் ஊர். பார்த்துவிட்டுப் பேனாவைத் திருப்பி அழித்தார். அதே பெயரை இன்னும் பெரிதாக எழுதினார். அதற்குப் பிறகுதான் மற்ற பெயர்கள்.

அவர் காபி போட உள்ளே போன நேரத்தில் பெண் எனக்கு மெல்லச் சொன்னாள். "எங்க மாமா புது வீடு கட்டிக்கினு, கிரகப்பிரவேசத்துக்குப் போன்ல கூப்ட்டாரு, அக்கா. நேர்ல வந்து தட்டு வெக்கல. அவ்ளோதான். எட்டு வருசமா அம்மாவுக்கும் மாமாவுக்கும் பேச்சில்ல."

காபியோடு வந்த அம்மாவின் காதில் அது விழுந்திருக்க வேண்டும். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு அவரே சொன்னார். "மொத பத்திரிகை கோயிலுக்கு. ரெண்டாவது எங்க அண்ணனுக்கு. நானே தட்டு எடுத்துக்கினு போறேன். தாய்மாமன் வந்து நிக்காத மேடையில எம்பொண்ண நான் ஏத்த மாட்டேன்."

இரண்டாம் முறை ப்ரூஃபோடு போனபோது டயர் கடைக்காரர் இருந்தார். எனக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பொத்தானை அமுக்கித் திரையை அவர் பக்கம் திருப்பிவைத்தேன். மூக்குக்கண்ணாடியைக் கடையில் விட்டுவிட்டு வந்திருந்தார். கண்ணை இடுக்கிப் படித்துக்கொண்டே வந்தவர் தாய்மாமன் பெயர் இருந்த வரியில் நின்றார்.

"எட்டு வருசமா எட்டிப் பாக்காத மனுசனுக்குத் தனி வரி. டெய்லி என் கடையில டீ குடிக்கிற பங்காளிக்குப் பாதி வரி. நல்லா கீது நியாயம்."

அவர் மனைவி ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டார். அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது. அந்த நேரம் பார்த்து என் போனும் அடித்தது. முதலாளி. "ரெண்டு மணிக்கு கரண்டு வருது, நாலு மணிக்குப் போயிடும். அதுக்குள்ள மெஷின்ல ஏத்தணும். ஜல்தியா வாம்மா." வாசலில் நின்று பேசிவிட்டுத் திரும்பினால், டயர் கடைக்காரர் பேனாவை அதன் பொந்தில் சொருகிக்கொண்டிருந்தார்.

"பாத்துட்டேம்மா. ஒரே ஒரு பேரு கோடு போட்டுக்கீறேன். அத எடுத்துட்டு அடிச்சிடுங்க. எங்க சம்சாரமும் பாத்தாச்சி. மறுபடி எடுத்துக்கினு வந்து பேஜாரு பண்ணாதீங்க."

எந்தப் பெயர் என்று நான் கேட்கவில்லை. பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம் மாதிரி ஓர் அவசரம்.

அச்சகத்தில் உட்கார்ந்து திறந்தேன். கோடு இரண்டு வரிகளுக்கு நடுவில் இருந்தது. மேல் வரியில் தாய்மாமன். கீழ் வரியில் வேறொருவர். என் வழக்கப்படி நடுவில் விழுந்த கோடு மேல் வரிக்குரியது. கை ஒரு கணம் நின்றது. அந்த அம்மா முதலில் எழுதிய பெயர் அது என்று எனக்குத் தெரியும். பெரிதாக எழுதியதும் தெரியும். ஆனால் வீட்டுக்காரர் சொன்ன வார்த்தை காதில் இருந்தது. அந்த அம்மா பேசாமல் எழுந்து போனதும் கண்ணில் இருந்தது. சரி, கடைசியில் வீட்டுக்காரர் வெட்டிவிட்டார், அந்த அம்மாவும் விட்டுவிட்டார் என்று நானே ஒரு கதையைக் கட்டி முடித்தேன். ஒரு போன் போடலாம் என்று தோன்றியது. மணி இரண்டே முக்கால். குடும்ப விஷயம், நாம் ஏன் கிளற வேண்டும் என்றும் தோன்றியது. வரியை எடுத்தேன். நான்கு மணிக்குக் கரண்டு போவதற்குள் அத்தனை பத்திரிகையும் அடித்து முடித்தாயிற்று. எங்களுக்கெல்லாம் ஒரே பெருமை.

மூன்றாம் நாள் மதியம் அந்த அம்மா அச்சகத்துக்கு வந்தார். கையில் தாம்பாளத் தட்டு. வெற்றிலை, பழம், பூ, மேலே ஒரு பத்திரிகை. அவருக்கு இரண்டடி பின்னால் டயர் கடைக்காரர். அந்த அம்மா தட்டை என் மேஜை மேல் வைத்தார்.

"எங்க அண்ணன் பேரு எங்கம்மா?"

ப்ரூஃபில் பார்த்ததுதானே என்று அச்சான பத்திரிகையை வீட்டில் யாரும் படித்துப் பார்க்கவில்லை. காலையில் காணைக்குப் பக்கத்தில் இருக்கிற அண்ணன் வீட்டுக்கு இருவரும் போயிருக்கிறார்கள். எட்டு வருடத்துக்குப் பிறகு அந்த அம்மா அந்த வாசலில் ஏறியிருக்கிறார். அண்ணன் முறைத்துக்கொள்ளவில்லை. உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, பத்திரிகையை மேலிருந்து கீழ்வரை வரி விடாமல் படித்திருக்கிறார். படித்து முடித்துத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டார். "பேரு இல்லாதவனுக்குப் பத்திரிகை எதுக்கு?" அவ்வளவுதான். செருப்பை மாட்டிக்கொண்டு கரும்பு வெட்டுகிற இடத்துக்குப் போய்விட்டார்.

"நான் அவரு பேர வெட்டவே இல்லம்மா," என்றார் டயர் கடைக்காரர் என்னிடம். என்னிடம் சொன்னாலும் அது மனைவிக்குத்தான். "எங்க பங்காளி பேரு ரெண்டு எடத்துல இருந்திச்சி. ரேஷன் கார்டு பேரு ஒரு வாட்டி, ஊர்ல கூப்புடற பேரு ஒரு வாட்டி. அதுல ஒண்ணத்தான் கோடு போட்டேன். எந்தக் கோயில்ல வேணாலும் கற்பூரம் அணைக்கிறேன்."

"வாயால சொன்னத கையால செஞ்சிட்டீங்க. இப்ப இல்லன்னா எப்படி?" அந்த அம்மா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

லேப்டாப்பை எடுத்து, அன்று வைத்தது போலவே மடித்து, படத்தை எதிர்ப்பக்கம் திருப்பி, சூடேறும் வரை காத்திருந்தேன். பிறகு எதிர்ப்பக்கம் போய் நின்று ஒரு வரியைத் தொட்டேன். கோடு கீழே விழவில்லை. மேலே விழுந்தது. அந்த மெஷின் எப்போதும் என் பக்கம்தான் சரியும். படம் திரும்பினாலும் அது திரும்பவில்லை. எதிரில் இருந்தவருக்கு என் பக்கம் என்பது மேல் பக்கம். அவர் தொட்டது கீழ் வரியில் இருந்த பங்காளி பெயரை.

அதை அவர்களிடம் சொன்னேன். என் தப்புதான் என்றும் சொன்னேன். டயர் கடைக்காரர் பெரிய மூச்சு விட்டு, "கேட்டுக்கினியா?" என்றார். அந்த அம்மா அப்போதுதான் கணவரைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "நான் கேட்டு இன்னா பண்ண? எங்க அண்ணன் கேக்கணுமே," என்றார்.

முதலாளி உடனே மறுபடி அடித்துத் தருவதாகச் சொன்னார். அந்த அம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். "இப்ப அடிச்சி எடுத்துக்கினு போனா, தான் கோவிச்சிக்கினதாலதான் போட்டாங்கன்னு எங்க அண்ணன் சொல்லுவாரு. அவரப் பத்தி எனக்குத் தெரியும். நான் மறுபடி எந்த மூஞ்சிய வெச்சிக்கினு போறது?"

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. நான் போய்ச் சொல்கிறேன் என்றேன். சொல்லும்போது தைரியமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை விழுப்புரத்தில் ஆறு மணிக்கே கரண்டு போய்விட்டது. பேட்டரி நாற்பத்து மூன்று என்று காட்டியது. அதை நம்பி அணைத்து, பையில் போட்டு, வழியில் திறக்கவே கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். காணை பஸ்ஸில் அதைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இறங்கி, ஷேர் ஆட்டோவில் போய், கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தால், அவர் கொல்லியில், அதாவது வயல்காட்டில், இருந்தார். அவருடைய மனைவி என்னை வரப்பு வழியே அழைத்துப் போனார். வேர்க்கடலை போட்டிருந்த மல்லாட்டைக் கொல்லியைத் தாண்டியதும் கரும்பு. பாதி வெட்டி முடித்த கொல்லி. ஓரத்தில் டிராக்டர் டிரெய்லர், கரும்பு ஏற்றி முக்கால்வாசி நிரம்பி நின்றது.

அவர் உயரமான மனிதர். தலையில் துண்டு, கையில் கத்தி. நான் யாரென்று மனைவி சொன்னதும் என்னையும் என் பையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"பத்திரிகை அடிச்ச பொண்ணா நீ?"

"ஆமாங்க. உங்க பேரு விட்டுப்போனது என் தப்புங்க. உங்க தங்கச்சியோ மச்சானோ எடுக்கச் சொல்லல. இந்த மெஷின்ல..."

"மெஷின் மேல பழி போடறதுக்கு மெஷினயே தூக்கிக்கினு வந்துட்டியா?"

வெட்டிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் அங்கேயே திறந்தேன். வெயிலில் திரை ஒன்றும் காட்டவில்லை. எங்கள் மூன்று பேர் முகம்தான் அதில் தெரிந்தது. அவர் தங்கச்சி எழுதியது தெரிய வேண்டிய இடத்தில் அவருடைய மீசை. நான் அழுதுவிடுவேன் போல இருந்தது.

"வண்டிக்கு அடியில போலாம் வா," என்றார் அவர் மனைவி. அது போதவில்லை. டிராக்டர் சீட்டில் கிடந்த போர்வையை எடுத்து வந்தார். கரும்பு லோடுக்கு அடியில், நான், அவர், அவர் மனைவி, மூன்று பேரும் குனிந்து உட்கார்ந்து, தலைக்கு மேல் போர்வையை இழுத்து மூடிக்கொண்டோம். டீசல் வாசனை, வெட்டிய கரும்பின் பச்சை வாசனை, வியர்வை. மேலே எங்கோ இருந்து சாறு சொட்டியது. மெஷின் எழுந்து வர எடுத்துக்கொண்ட நேரம் இருக்கிறதே, அதை நான் இன்னும் மறக்கவில்லை.

"இன்னும் எழுந்திரிக்கலயா? எங்க மாடு இதுக்கு ஜல்தியா எழும்," என்றார் அவர்.

வெளியிலிருந்து யாரோ, "அண்ணே, உள்ள இன்னா, பொண்ணு பாக்கறீங்களா?" என்று குரல் கொடுத்தார்கள். "டேய், வேலையப் பாரு," என்று போர்வைக்குள்ளிருந்தே அதட்டினார்.

பேட்டரி முப்பத்தாறு. நோட்டைத் திறந்து, முதல் பக்கத்தில் அம்புக்குறியைத் தொட்டேன். வெள்ளையாக ஓட ஆரம்பித்தது. ஓடிக்கொண்டே இருந்தது.

"ஒண்ணும் காணமே."

"இருங்க. யோசிச்சிக்கினு இருக்காங்க."

திரையின் வெளிச்சம் அவர் முகத்தில் நீலமாக விழுந்திருந்தது. 'அண்ணன்' என்ற சொல் ஒவ்வொரு எழுத்தாக வந்தது, நடுங்கி, வளைந்து. அப்புறம் அவர் பெயர். அப்புறம் ஊர். எழுத்துகளைத் தொடர்ந்து அவருடைய உதடு அசைந்தது. பிறகு பேனாவின் பின்பக்கம் ஓடி அத்தனையும் அழிந்தது.

"அழிக்கிறா பாரு," என்றார் மனைவியிடம்.

"சும்மா இரு. வருது."

மறுபடி வந்தது. பெரிதாக, திரையில் பாதி அகலத்துக்கு, அவர் பெயர் வந்தது. அதற்கு அப்புறம்தான் செத்துப்போன தாத்தாக்களின் பெயர்கள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கீழே வந்து சேர்ந்தன. நான் அவசரமாக அதை நிறுத்திவிட்டு ப்ரூஃப் பக்கத்தைத் தேடினேன். நான் வந்ததே அந்தக் கோட்டைக் காட்டத்தானே. கோடு எப்படிச் சரிந்தது, எதற்கு நடுவில் விழுந்தது, இவர் மச்சான் எந்தப் பெயரைத் தொட்டார் என்று வரிசையாக விளக்க இரவெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். பக்கம் திறப்பதற்குள் பேட்டரி நான்கு என்றது. அடுத்த மூச்சில் இருட்டு.

காட்ட முடியாததை வாயால் சொன்னேன். மெஷின் என் பக்கம் சரிவது, படத்தைத் திருப்பியது, பங்காளியின் இரண்டு பெயர்கள். சொல்லச் சொல்ல எனக்கே அது சாக்குப்போக்கு மாதிரிதான் கேட்டது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "சரி, மெஷின் கோணலா காட்டிச்சி. நீ ஒரு போன் போட்டு அவள கேட்டு இருக்கலாம் இல்ல?"

பொய் சொல்ல இடம் இல்லாத இருட்டு அது. "நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதில்லன்னு கேள்விப்பட்டேங்க. அதனால வேணும்னுதான் எடுக்கறாங்கன்னு நெனச்சிட்டேன்."

"ஊரே அப்படித்தான் நெனைக்குது," என்றார். "நானும் நேத்து அப்படித்தான நெனச்சேன்."

போர்வையை விலக்கினார் அவர் மனைவி. வெயிலில் கண் கூசியது. "கண்ணால பாத்தாச்சி இல்ல? அப்புறம் இன்னா. போன் போட்டு உன் தங்கச்சிகிட்ட ஒரு வார்த்த சொல்லு, அழுதுக்கினு இருக்கப்போவுது," என்று செல்போனை நீட்டினார்.

அவர் வாங்கவில்லை. துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டார். "போன்ல கூப்ட்டுத்தான எட்டு வருசம் போச்சி. லோடு ஏத்திட்டு நேர்ல போலாம். நீயும் கிளம்பு." பிறகு என்னைப் பார்த்தார். "மறுபடி அடிக்கிறீங்களா?"

"ஆமாங்க. உங்க பேரோட."

"ஊருக்கெல்லாம் அதையே குடுங்க. எனக்கு அந்தப் பழைய பத்திரிகையே இருக்கட்டும். அவ கையால எழுதிக் குடுக்கட்டும்."

நான் கிளம்பும்போது இரண்டு கரும்பை முறித்து என் கையில் திணித்தார். ஒரு கையில் செத்த லேப்டாப், மறு கையில் கரும்பு. காணை பஸ்ஸில் கண்டக்டர் இரண்டையும் பார்த்துவிட்டு டிக்கெட்டை என் பையில் சொருகிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் அந்தப் பெண் எனக்குப் போன் செய்தாள். மாமா வந்திருக்கிறாராம். அம்மா இரண்டு பால் பாயிண்ட் பேனா எடுத்துப் பார்த்து, இரண்டிலும் மை வராமல் போகவே, பக்கத்து வீட்டுக்கு ஓடி ஒரு பேனா வாங்கி வந்து எழுதிக் கொடுத்தாராம். மாமா அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சாப்பாடு முடிகிற வரை ஒரு வார்த்தை பேசவில்லையாம். "அப்புறம் அம்மாவப் பாத்து, சாம்பார்ல உப்பு கம்மின்னாரு, அக்கா. அம்மா சிரிச்சிட்டாங்க."

கல்யாணத்துக்கு நானும் போனேன். மேடையில் தங்கைக்குப் பக்கத்தில் பட்டு வேட்டியோடு நின்றவர் என்னைப் பார்த்துவிட்டார். அத்தனை உறவுக்காரர்களுக்கும் கேட்கிற மாதிரி, "தோ வர்றா பாரு, என்னைய ஒரே கோட்டுல முடிச்சவ," என்றார். அன்று பந்தியில் எனக்கு இலை போட்டு முடிப்பதற்குள் நான்கு பேர் வந்து நீதானா அது என்று கேட்டுவிட்டார்கள்.

அந்த லேப்டாப் இன்னும் இரண்டு வருடம் ஓடியது. ஒரு நாள் வழியில் பேரணி என்கிற ஊர் ஸ்டேஷனில் இறங்கிய கூட்டத்தில் பேனா எங்கோ விழுந்துபோயிற்று. வேறு எந்தப் பேனாவையும் அது ஏற்கவில்லை. பிறகு விசிறி நின்றது, பிறகு எல்லாமே. அதற்குப் பின்னால் நான் வாங்கியவை எல்லாம் கெட்டிக்காரத்தனமானவை. தொட்ட இடத்தில் தொட்டபடி எழுதும். நாள் முழுக்கப் பேட்டரி நிற்கும். எதிலும் எனக்கு அவ்வளவு பிரியம் வரவில்லை. கோடு சரியும் என்று தெரிந்து வைத்திருந்த ஒன்றோடு வாழ்ந்தபோது நான் இன்னும் கொஞ்சம் கவனமாக இருந்தேனோ என்று நினைப்பேன். உடனே, இல்லை, அதோடு இருந்தபோதுதானே தவறினேன் என்றும் நினைப்பேன். இரண்டும் உண்மைதான் போல.

இப்போது பத்திரிகை வேலை முழுக்க வாட்ஸ்அப்பில் வருகிறது. வாய்ஸ் மெசேஜில் பெயர்கள் வரும். ப்ரூஃபுக்குக் கட்டைவிரல் வரும். "இவர் பேரை எடுத்துடுங்க" என்று யாராவது அனுப்பினால் நான் இன்றும் போன் செய்து, வீட்டில் எல்லோருக்கும் தெரியுமா என்று கேட்கிறேன். சிலர் சலித்துக்கொள்கிறார்கள். ஒருவர், உங்களுக்கு எதற்கு எங்கள் வீட்டு விஷயம் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ஒருவரைப் பற்றி நாலு பேர் சொன்னதைக் கேட்டே அவர் மனதை முழுக்கப் படித்துவிட்டதாக எனக்குத் தோன்றும் ஒவ்வொரு முறையும், எழுத்து எதுவும் வராமல் வெறும் வெள்ளையாக ஓடிக்கொண்டிருந்த அந்த நேரத்துக்குள் ஒரு தங்கை எவ்வளவு சொல்லிக்கொண்டிருந்தாள் என்பது நினைவுக்கு வந்து, கேட்காமல் விட எனக்கு மனம் வருவதில்லை.